மிதிக்கும்போது 'டிக்... டிக்...' சத்தமா? செயினுக்கு எண்ணெய் விடும் முன் கிராங்க்கை ஆட்டிப் பாருங்க!

காலை ஐந்தரை மணிக்கு சென்னை ஈ.சி.ஆர் பக்கம் போனால் ஹெல்மெட், ஜெர்சி, பின்னால் மினுக்கும் சிவப்பு லைட் என்று வரிசையாக சைக்கிள்கள். அதில் கார்பன் பிரேமும் இருக்கும், அப்பா காலத்து பி.எஸ்.ஏ எஸ்.எல்.ஆரும் இருக்கும். விலை எதுவாக இருந்தாலும் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் எல்லோரிடமும் இருக்கும் பொதுவான புகார் ஒன்று உண்டு. சமதளத்தில் ஒன்றுமில்லை. பாலம் ஏறும்போது எழுந்து நின்று மிதித்தால் மட்டும் காலுக்கு அடியில் 'டிக்... டிக்...'

உடனே நாம் என்ன செய்வோம்? செயினுக்கு எண்ணெய் விடுவோம். சத்தம் போகாது. இன்னும் கொஞ்சம் விடுவோம். பேன்ட் கறையாகும், சத்தம் அப்படியேதான் இருக்கும்.

ஏன்னா பிரச்னை பல நேரம் செயினில் இல்லை. பெடலையும் சைக்கிளின் நடு அச்சையும் இணைக்கிற அந்த ஒரு சாண் நீளக் கையில் இருக்கிறது. அதுதான் கிராங்க். அது சரியாகப் பூட்டப்படவில்லை என்றால் முதலில் சத்தம் வரும், பிறகு ஆட்டம் வரும், அதற்கும் மேல் ஓட்டினால் ஒருநாள் பெடலோடு சேர்ந்து கழன்று கையில் வரும். அது நடக்கிற நேரம் நீங்கள் எழுந்து நின்று, முழு எடையையும் ஒரு காலில் போட்டிருக்கிற நேரமாகத்தான் இருக்கும்.

ஒரு சின்னத் துண்டு, எவ்வளவு சுமை?

கொஞ்சம் கணக்குப் போட்டால் புரிந்துவிடும். பெரியவர்கள் சைக்கிளில் கிராங்க்கின் நீளம் பெரும்பாலும் 170 மில்லிமீட்டர். 70 கிலோ எடையுள்ள ஒருவர் பெடல் கிடைமட்டமாக இருக்கும்போது அதன் மேல் எழுந்து நின்றால், அச்சின் மீது விழும் முறுக்கு விசை கிட்டத்தட்ட 120 நியூட்டன் மீட்டர். நிமிடத்துக்கு 80 சுற்று என்று மிதித்தால் ஒரு மணி நேரத்தில் 4,800 சுற்று. அத்தனை முறையும் இடது, வலது என்று மாறி மாறி அந்த மூட்டு உதை வாங்குகிறது.

இந்த உதையைத் தாங்குவது போல்ட் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. பெரும்பாலான கிராங்க்கில் போல்ட்டின் வேலை, கிராங்க்கை அச்சோடு இறுக்கமாக அழுத்தி வைப்பது மட்டும்தான். சுமையைத் தாங்குவது கிராங்க்கின் ஓட்டையும் அச்சின் முனையும் ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல் பதிந்திருக்கிற அந்தப் பரப்பு. அங்கே தலைமுடி அளவு இடைவெளி வந்தாலும் போதும், ஒவ்வொரு மிதிக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே போகும்.

முதலில் யார் குற்றவாளி என்று கண்டுபிடிக்கணும்

இதற்கு ஒரு கருவியும் வேண்டாம். சைக்கிளைச் சுவரில் சாய்த்து வையுங்கள். ஒரு கையால் பிரேமைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பெடலுக்குப் பக்கத்தில் கிராங்க்கைப் பிடித்து, பிரேமை நோக்கி உள்ளே தள்ளுங்கள், பிறகு வெளியே இழுங்கள். இப்போது கவனிக்க வேண்டியது எதிர்ப்பக்கத்து கிராங்க்கை.

நீங்கள் பிடித்த கிராங்க் ஆடும்போது மறுபக்கமும் சேர்ந்து ஆடினால், ஆட்டம் உள்ளே இருக்கிற பேரிங்கில். மறுபக்கம் அசையாமல் நீங்கள் பிடித்தது மட்டும் ஆடினால், அந்த கிராங்க்தான் லூஸ். கிராங்க்கைக் கால்வட்டம் சுற்றி, மறுபடி ஆட்டிப் பாருங்கள். ஒரு நிலையில் ஒளிந்துகொள்ளும் ஆட்டம் இன்னொரு நிலையில் தெரிந்துவிடும்.

இரண்டாவது சோதனை: இரண்டு பெடலும் கிடைமட்டமாக இருக்கும்படி வைத்து, இரண்டு கையாலும் இரண்டு பெடலையும் ஒரே நேரத்தில் கீழே அழுத்துங்கள். 'தட்' என்று ஒரு சின்ன அசைவு கிடைத்தால் ஏதோ ஒரு கிராங்க் அச்சின் மேல் நழுவுகிறது என்று அர்த்தம்.

இரண்டிலும் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் சத்தம் மட்டும் வருகிறதா? அப்படியென்றால் பெடலின் மரை, செயின் வீலைப் பிடித்திருக்கும் சின்ன போல்ட்டுகள், சீட் கம்பி என்று சந்தேகப் பட்டியல் நீளும். எழுந்து நின்று மிதித்தாலும் சத்தம் வந்தால் சீட்டுக்கு விடுதலை கொடுத்துவிடலாம்.

அடுத்து, உங்கள் சைக்கிளில் இருப்பது எந்த வகை கிராங்க் என்று பார்க்க வேண்டும். நம்ம ஊர் சாலைகளில் அதிகம் பார்ப்பது மூன்று தலைமுறை. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஒன்றுக்கான வைத்தியத்தை இன்னொன்றுக்குச் செய்தால் கெட்டுப்போவது நிச்சயம்.

காட்டர் பின்: தாத்தா சைக்கிளின் ஆப்பு

கறுப்பு நிற ரோட்ஸ்டர், பால்கார அண்ணன் சைக்கிள், அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் தூசி பிடித்து நிற்கும் பழைய சைக்கிள். இவற்றில் கிராங்க்கின் தலையில் குறுக்கே ஒரு பின் போகும், அதன் முனையில் ஒரு நட்டு இருக்கும். அதுதான் காட்டர் பின். பின்னின் ஒரு பக்கம் சரிவாகத் தட்டையாக இருக்கும். அந்தத் தட்டை, அச்சில் வெட்டியிருக்கும் தட்டையோடு ஒட்டி உட்காரும். கதவுக்கு அடியில் ஆப்பு வைக்கிறோமே, அதே தத்துவம்தான்.

இங்கேதான் முதல் தவறான புரிதல். நட்டை முறுக்கினால் பின் உள்ளே இழுக்கப்பட்டு இறுகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நட்டு பின் வெளியே வராமல் காவல் நிற்பதற்கு. பின்னை இறுக்குவது சுத்தியல். ஆட்டம் இருக்கிறதே என்று நட்டை மட்டும் மேலும் மேலும் முறுக்கினால் மரைதான் போகும்.

அடிப்பதிலும் முறை இருக்கிறது. கிராங்க்குக்கு அடியில் முட்டுக்கொடுக்காமல் அடித்தால் அடி முழுவதும் அச்சு வழியாக பேரிங்குக்குப் போகும். பால்ஸ் உருள்கிற பாதையில் குழி விழும். அதனால்தான் விஷயம் தெரிந்த மெக்கானிக் ஒரு இரும்புக் குழாய்த் துண்டைத் தரையில் நிமிர்த்தி வைத்து, அதன் வாய்க்கு மேல் கிராங்க்கின் தலையை உட்கார வைத்துவிட்டு அடிப்பார். பின்னின் மரை முனை குழாய்க்குள் போயிருக்கும், அடி நேராகத் தரைக்கு இறங்கும். நாலு தட்டு, நட்டு முறுக்கு. மறுபடி இரண்டு தட்டு, மறுபடி முறுக்கு. நாசூக்காக இருபது தட்டு தட்டுவதைவிட நறுக்கென்று நாலு அடிதான் இங்கே வேலைக்கு ஆகும்.

கழற்றும்போதும் இதே குழாய்தான், தலைகீழாக. நட்டை முழுவதும் எடுத்துவிடாமல் பின்னின் முனைக்குச் சமமாக வரும்வரை மட்டும் தளர்த்திக்கொண்டு அடித்தால் மரை நசுங்காது. பின் அசைந்ததும் நட்டை எடுத்துவிடலாம்.

இரண்டு பின்களும் எந்தத் திசையில் இருக்கணும்? இது பலருக்குக் குழப்பம். வலது கிராங்க்கை முன்னால் நீட்டி வைத்தால் நட்டு கீழே பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுற்றிவிட்டு இடது கிராங்க்கை முன்னால் கொண்டுவந்தால் அதன் நட்டும் கீழேயே பார்க்க வேண்டும். அதாவது இரண்டு கிராங்க்கும் கிடைமட்டமாக இருக்கும்போது ஒரு நட்டு மேலே, ஒரு நட்டு கீழே. இதை மாற்றிப் போட்டால் இரண்டு கிராங்க்கும் ஒரே நேர்க்கோட்டில் நிற்காது. ஓட்டினால் ஒரு கால் மட்டும் லேசாக முந்திக்கொண்டு போகிற மாதிரி ஒரு விசித்திரமான நொண்டல். 'எனக்குத்தான் கால் சரியில்லையோ' என்று நினைத்துக்கொண்டே வருஷக்கணக்கில் ஓட்டலாம். ஆனால் கோளாறு காலில் இல்லை.

புது பின் மாட்டிய பிறகு கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி ஒரு தட்டு, ஒரு முறுக்கு. பின் மென்மையான இரும்பு, முதல் சில கிலோமீட்டரில் லேசாக அமுங்கும். கடைக்காரர் 'நாளைக்கு ஒருதடவை வாங்க தம்பி' என்று சொன்னால் அது காசுக்காக இல்லை.

சதுர அச்சு: ஒரு வாரம் அலட்சியம், கிராங்க் காலி

1930-களில் பிரான்ஸின் ஸ்ட்ராங்லைட் நிறுவனம் காட்டர் பின் இல்லாத கிராங்க்கைக் கொண்டுவந்தது. அந்த வடிவம் இன்றும் உயிரோடு இருக்கிறது. கியர் வைத்த சைக்கிள்களில் ஆரம்ப விலை, நடுத்தர விலை மாடல்களில் அதிகம் இருப்பது இதுதான். அச்சின் முனை சதுரமாக இருக்கும், நுனிக்குப் போகப் போக லேசாகக் குறுகும். ஒவ்வொரு பக்கமும் சுமார் 2 டிகிரி சரிவு. கிராங்க்கின் ஓட்டையும் அதே சரிவில் சதுரம். போல்ட்டை முறுக்க முறுக்க கிராங்க் அந்தச் சரிவின் மேல் ஏறி, கடித்துக்கொண்டு நிற்கும்.

அச்சு கெட்டியான எஃகு. கிராங்க் பெரும்பாலும் அலுமினியம். இரண்டில் எது தோற்கும் என்று சொல்லத் தேவையில்லை. லூஸான கிராங்க்கோடு தினமும் ஆபீஸ் போய் வந்தால், எஃகு சதுரம் அலுமினியச் சதுரத்தை உள்ளே இருந்து சுரண்டி வட்டமாக்கிவிடும். பிறகு எவ்வளவு முறுக்கினாலும் அது நிற்காது. இரண்டு நாளில் மறுபடி லூஸ். பலரும் 'போல்ட் சரியில்லை' என்று புது போல்ட் வாங்குவார்கள். போல்ட்டில் ஒன்றுமில்லை, அந்த கிராங்க்கின் ஆயுள் முடிந்துவிட்டது. நேரத்தோடு ஐந்து நிமிட வேலையாக முடிந்திருக்க வேண்டியது, இப்போது புது கிராங்க் செலவு.

எவ்வளவு இறுக்கணும்? ஷிமானோ தன் சதுர அச்சு கிராங்க்குகளுக்குச் சொல்லும் அளவு 35 முதல் 50 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இருந்தால் நேராக அந்த அளவில் வைத்து முறுக்கலாம். இல்லையா? ஏர்போர்ட்டுக்குப் போகும் முன் பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்க்கிற கொக்கித் தராசு வீட்டில் இருந்தால் அதுவே போதும். போல்ட்டின் மையத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி ஸ்பேனரில் கொக்கியை மாட்டி, ஸ்பேனருக்குச் செங்குத்தாக இழுங்கள். தராசு 20 கிலோ காட்டும்போது கிட்டத்தட்ட 40 நியூட்டன் மீட்டர். ஒருமுறை இப்படிச் செய்து பார்த்தால், நாம் வழக்கமாக 'டைட் வெச்சாச்சு' என்று விட்டுவிடுவது எவ்வளவு குறைவு என்று தெரியும்.

மாட்டும்போது சதுரத்தையும் ஓட்டையையும் துணியால் பளிச்சென்று துடைத்துவிட வேண்டும். மணல் ஒரு துகள் இருந்தாலும் அது பிறகு 'டிக்' என்று பேசும். போல்ட்டின் மரைக்கும் வாஷருக்கும் கிரீஸ் கட்டாயம். சதுரத்துக்கு கிரீஸ் வைக்கலாமா கூடாதா என்பது சைக்கிள் உலகத்தில் தீராத பட்டிமன்றம். வைத்தால் கிராங்க் அளவுக்கு மீறி ஏறிவிடும் என்பது ஒரு அணி, வைக்காவிட்டால் உரசிச் சத்தம் வரும், பாதியில் மாட்டிக்கொண்டு நிற்கும் என்பது இன்னொரு அணி. தயாரிப்பாளர் கையேடு ஏதாவது சொன்னால் அதைக் கேளுங்கள். இல்லையென்றால் மிக மெல்லிய ஒரு பூச்சு, அதோடு சரியான டார்க். இதனால் கெட்டுப்போன கிராங்க்கைவிட, லூஸாக விட்டுக் கெட்டுப்போனவைதான் அதிகம் என்பது என் கட்சி.

முதல் சில சவாரிகளுக்குப் பிறகு ஒருமுறை டார்க் சரிபார்க்கலாம். அதோடு நிறுத்திக்கொள்ளணும். சத்தம் வரும்போதெல்லாம் ஒரு முறுக்கு, மாதா மாதம் ஒரு முறுக்கு என்று போனால் ஒவ்வொரு தடவையும் கிராங்க் சரிவில் இன்னும் கொஞ்சம் ஏறும். கடைசியில் ஓட்டையின் மூலையில் விரிசல் விடும்.

கழற்றுவதற்கு கிராங்க் புல்லர் என்ற கருவி வேண்டும். சுத்தியலால் பின்னாலிருந்து அடிப்பது, டயர் லீவரை வைத்து நெம்புவது எல்லாம் வேண்டாம். புல்லர் போடும் முன் போல்ட்டை எடுத்தாச்சா, அதற்குப் பின்னால் இருந்த வாஷரையும் எடுத்தாச்சா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே தங்கிவிட்ட ஒரு வாஷர், புல்லரைத் தடுத்து, கிராங்க்கின் மரையை உரித்துக்கொண்டு வந்துவிடும். புல்லரையும் கையாலேயே கடைசி மரை வரை ஏற்றிய பிறகுதான் ஸ்பேனர் போடணும். ஏற்கெனவே மரை உரிந்த கிராங்க் என்றால் மெக்கானிக்குகளின் பழைய தந்திரம் ஒன்று உண்டு: போல்ட்டைக் கழற்றிவிட்டு வண்டி வராத தெருவில் மெதுவாக ஒரு ரவுண்டு. தானாகவே லூஸாகிக் கழன்று வரும். அந்த கிராங்க்கைத் தூக்கிப் போடப்போகிறீர்கள் என்றால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

ஹாலோடெக்: இரண்டு சின்ன போல்ட், ஒரு பிளாஸ்டிக் மூடி

கொஞ்சம் விலை கூடிய சைக்கிள்களில் அச்சு தனியாக இருக்காது. வலது கிராங்க்கோடு சேர்ந்த 24 மில்லிமீட்டர் குழாயாக இருக்கும். ஷிமானோ இதை ஹாலோடெக்-2 என்று அழைக்கிறது. குழாயை வலப்பக்கமிருந்து செருகி, இடப்பக்கம் வெளியே வரும் பல் வைத்த முனையில் இடது கிராங்க்கை மாட்டினால் முடிந்தது. பார்க்க இதுதான் எளிது. தப்பு நடக்கவும் இதில்தான் வாய்ப்பு அதிகம்.

இடது கிராங்க்கின் நடுவில் பிளாஸ்டிக் மூடி ஒன்று இருக்கும். அதுதான் கிராங்க்கைப் பூட்டும் போல்ட் என்று நினைத்துக் கொண்டு முழு பலத்தில் முறுக்குகிறவர்கள் நிறைய பேர். அதன் வேலை பேரிங்கில் இருக்கும் பக்கவாட்டு ஆட்டத்தை எடுப்பது மட்டும். ஷிமானோ சொல்லும் அளவு வெறும் 0.7 முதல் 1.5 நியூட்டன் மீட்டர். அதாவது விரல் நுனி முறுக்கு. ஊறுகாய் பாட்டில் மூடியை மூடுவதைவிடக் குறைவு! அளவுக்கு மீறி முறுக்கினால் பேரிங் பக்கவாட்டில் நசுங்கி, கிராங்க் பாரமாகச் சுற்றும், சீக்கிரம் தேய்ந்துபோகும்.

கிராங்க்கை உண்மையில் பிடித்திருப்பது ஓரத்தில் இருக்கும் இரண்டு சின்ன போல்ட்டுகள். அவை கிராங்க்கின் தலையைக் கவ்வி அச்சோடு இறுக்குகின்றன. வரிசை இதுதான்: முதலில் மூடியை விரல் முறுக்கு, ஆட்டம் போயிற்றா என்று பார்ப்பது. பிறகு அந்த இரண்டு போல்ட்டுக்கும் நடுவில் இருக்கும் சின்னத் தகட்டை அழுத்தி, அதன் முள் அச்சில் உள்ள ஓட்டையில் விழுகிறதா என்று பார்ப்பது. விழவில்லை என்றால் கிராங்க் இன்னும் முழுதாக உள்ளே போகவில்லை. அங்கேயே நிறுத்தி மறுபடி தள்ளணும். கடைசியாக இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக, 12 முதல் 14 நியூட்டன் மீட்டர் வரை. ஒன்றை முழுசாக முறுக்கிவிட்டு இன்னொன்றுக்குப் போனால், முதலாவது தளர்ந்துவிடும். அது உங்களுக்குத் தெரியவும் செய்யாது.

ஸ்ராம் நிறுவனத்தின் டப் வகை இதிலிருந்து வேறு. 2018-ல் வந்தது, அச்சு 28.99 மில்லிமீட்டர். அதில் ஒரே ஒரு பெரிய போல்ட், 54 நியூட்டன் மீட்டர். ஹாலோடெக் பழக்கத்தில் அதை விரல் முறுக்கில் விட்டுவிட்டால் கதை கந்தல். எது என்று தெரியாவிட்டால் கிராங்க்கின் மேலேயே பாருங்கள், பல மாடல்களில் போல்ட்டுக்குப் பக்கத்தில் அளவை அச்சிட்டே இருப்பார்கள்.

பெட்டியில் வந்த சைக்கிளும் இடது பெடலும்

இன்று ஆன்லைனில் சைக்கிள் வாங்கினால் '85 சதவீதம் அசெம்பிள் செய்தது' என்று பெட்டியில் வருகிறது. மீதி 15 சதவீதத்தில் பெடல் மாட்டுவதும் ஒன்று. இங்கேதான் பல புது கிராங்க்குகள் முதல் நாளிலேயே பலியாகின்றன.

இடது பெடலின் மரை தலைகீழ். வலது பெடல் வழக்கம்போல கடிகாரச் சுற்றில் இறுகும், இடது பெடல் எதிர்ச்சுற்றில் இறுகும். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால், மிதிக்கும்போது பெடலின் அச்சு ஓட்டைக்குள் மிக நுண்ணிய அளவில் உருண்டு, இடது பெடல் தானாகக் கழன்றுவிடும். விமானத்துக்குப் பெயர்பெற்ற ரைட் சகோதரர்கள் அமெரிக்காவின் டேட்டனில் சைக்கிள் கடை நடத்தியவர்கள். அவர்கள் 1900-ல் 'கழன்று வராத பெடல்' என்று அறிவித்தார்கள். தொல்லை அவ்வளவு பழசு.

இடது, வலது என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். எந்தப் பக்கமானாலும் ஸ்பேனரின் மேல்முனையை சைக்கிளின் முன்சக்கரம் நோக்கிச் சுற்றினால் இறுகும், பின்சக்கரம் நோக்கிச் சுற்றினால் கழலும். பெடல் அச்சின் முனையில் எல், ஆர் எழுத்துகளைப் பார்த்து எடுத்துக்கொண்டு, மரைக்கு கிரீஸ் தடவி, முதல் நான்கைந்து சுற்றை விரலாலேயே ஏற்றுங்கள். விரலுக்கு ஏறவில்லை என்றால் ஸ்பேனருக்கும் ஏறக்கூடாது. கழற்றி மறுபடி நேராக வைத்து ஆரம்பியுங்கள். எஃகு மரையைக் கோணலாகத் திணித்தால் அது அலுமினியத்தில் புதுசாக ஒரு கோணல் மரை வெட்டிக்கொண்டு போகும். அப்படிப் போட்ட பெடல் சில வாரம் நிற்கும், பிறகு பிடுங்கிக்கொண்டு வரும். வாரன்டியும் அதற்குக் கிடைப்பது கஷ்டம். கடைசி இறுக்கம் 35 முதல் 55 நியூட்டன் மீட்டர்.

தலைகீழ் மரை இன்னொரு இடத்திலும் இருக்கிறது. பிரேமின் அடியில் பேரிங்கைப் பிடித்திருக்கும் வலப்பக்கக் கப். இந்த மரை அளவுக்கு உலகம் முழுக்க 'பி.எஸ்.ஏ' என்றுதான் பெயர். ஆமா, அதே பி.எஸ்.ஏ! இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ். அந்தப் பெயரில் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் தயாரித்த சைக்கிளில்தான் நம்மில் பலர் குரங்குப் பெடல் போட்டோம். வலப்பக்கக் கப்பை எதிர்ச்சுற்றில் முறுக்கினால் இறுகும். இத்தாலிய மரை பிரேம்களில் இரண்டு பக்கமும் சாதாரண மரை.

பேரிங்கில் ஆட்டம் என்றால்

முதல் சோதனையில் இரண்டு கிராங்க்கும் சேர்ந்து ஆடியதா? பழைய வகையில் உள்ளே தனித்தனி பால்ஸ் இருக்கும். இடப்பக்கக் கப்பையும் அதன் மேல் இருக்கும் பூட்டு வளையத்தையும் வைத்து இதைச் சரிசெய்யலாம். வளையத்தைத் தளர்த்தி, ஆட்டம் போகும்வரை கப்பை உள்ளே முறுக்கி, பிறகு ஒரு மயிரிழை பின்னால் திருப்பி, கப் அசையாமல் பிடித்துக்கொண்டு வளையத்தை இறுக்கணும். வளையம் இறுகும்போது கப்பையும் இழுத்துக்கொண்டு போகும், அதனால் இரண்டு மூன்று தடவை செய்து பார்த்தால்தான் சரியான இடம் கிடைக்கும். செயினைக் கழற்றிவிட்டு கிராங்க்கைச் சுற்றிவிட்டால் மணல் அரைபடுகிற உணர்வு இல்லாமல் சுற்ற வேண்டும். அரைபட்டால் ஓவராயில்தான் வழி: பால்ஸ் மாற்றி, பழைய கிரீஸை வழித்தெடுத்து, புதுசு வைக்கணும்.

புதிய சைக்கிள்களில் மூடிய பேரிங். அதில் சரிசெய்ய ஒன்றும் இல்லை. ஆட்டம் வந்தால் மாற்றுவதுதான். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் ஓட்டியவர்களும், வாட்டர் வாஷ் கடையில் பைக்கோடு சேர்த்து சைக்கிளுக்கும் பிரஷர் அடிக்கிறவர்களும் இந்தச் செலவைக் கொஞ்சம் சீக்கிரம் பார்ப்பார்கள்.

நீளமும் ஒரு விஷயமா?

முழங்கால் வலிக்கிறது என்று சொல்கிறவர்களுக்கு இப்போது வரும் அறிவுரை 'சின்ன கிராங்க் போடுங்க' என்பது. டூர் டி பிரான்ஸ் சாம்பியன் தாடே போகச்சார் 2024-ல் 165 மில்லிமீட்டர் கிராங்க்குக்கு மாறிய பிறகு இந்தப் பேச்சு இன்னும் சூடாகிவிட்டது. உயரம் குறைந்தவர்களுக்குக் குட்டை கிராங்க் வசதியாக இருக்க வாய்ப்பு உண்டு. பெடல் மேலே வரும்போது முழங்கால் மடங்குவது குறையும். ஆனால் 170-லிருந்து 165-க்கு மாறினால், பெடலின் அடிநிலை 5 மில்லிமீட்டர் மேலே வந்துவிடும். சீட்டையும் அதே அளவு உயர்த்தணும். கிராங்க்கை மாற்றிவிட்டு சீட்டை அப்படியே விட்டால் வலி இடம் மாறுமே தவிரப் போகாது. அதற்கும் முன்னால், இப்போதைய சீட் உயரமே சரிதானா என்று பார்ப்பது செலவில்லாத வேலை.

சரியாக மாட்டியும் உடையுமா?

உடையும். 2023 செப்டம்பரில் ஷிமானோ தன் 11 ஸ்பீடு அல்டெக்ரா, டியூரா-ஏஸ் கிராங்க்குகளில் சிலவற்றைப் பரிசோதனைக்கு அழைத்தது. 2012 ஜூன் முதல் 2019 ஜூன் வரை தயாரானவை. இரண்டு உலோகத் துண்டுகளைப் பசையால் ஒட்டிச் செய்த அந்த கிராங்க்குகள் ஒட்டிய இடத்தில் பிரிய ஆரம்பித்தன. அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் அறிவிப்புப்படி அந்த நாட்டில் மட்டும் சுமார் 6,80,000 கிராங்க்குகள், 4,519 பிரிந்த சம்பவங்கள், எலும்பு முறிவு உள்பட 6 பேருக்குக் காயம்.

செகண்ட் ஹேண்டில் ரோடு பைக் வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. எஃப்.சி-6800, எஃப்.சி-ஆர்8000, எஃப்.சி-9000, எஃப்.சி-ஆர்9100, எஃப்.சி-ஆர்9100-பி ஆகியவைதான் அந்த மாடல்கள். கிராங்க்கின் உட்பக்கம் மாடல் எண்ணும் இரண்டு எழுத்துத் தயாரிப்புக் குறியீடும் இருக்கும். ஷிமானோ இணையதளத்தில் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டு, அதில் இருந்தால் டீலரிடம் இலவசப் பரிசோதனைக்குக் கொண்டுபோகலாம். பிரிவு தெரிந்தால் மாற்றித் தருவார்கள்.

மற்ற எல்லா கிராங்க்குக்கும் மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, பெடல் மாட்டும் கண்ணைச் சுற்றியும், செயின் வீல் கைகள் பிரியும் இடத்திலும் கோடு தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். துடைத்தால் போகிற கோடு அழுக்கு. போகாத கோட்டின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் சைக்கிளை நிறுத்திவிட்டு கிராங்க்கை மாற்றுங்கள்.

வழியில் ஆட ஆரம்பித்தால்?

'வீடு பக்கம்தான், மெதுவா போயிடலாம்' என்று மிதிக்க வேண்டாம். மேலே சொன்ன சதுர அச்சு கதை நினைவிருக்கும். சில கிலோமீட்டரே ஓட்டையைக் கெடுக்கப் போதும். இறங்கி, உங்கள் கிராங்க்குக்குப் பொருந்தும் ஆலன் கீயால் இறுக்குங்கள். ஹாலோடெக் என்றால் 5 மில்லிமீட்டர், சதுர அச்சில் பெரும்பாலும் 8 மில்லிமீட்டர் ஆலன் கீ அல்லது 14 மில்லிமீட்டர் சாக்கெட். பையில் வைக்கிற மல்டி டூலில் 8 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள், சின்ன டூல்கள் பலவற்றில் இருக்காது.

கருவி இல்லையென்றால் தள்ளிக்கொண்டு போங்கள். இறக்கமாக இருந்தால் உட்கார்ந்து உருட்டலாம், மிதிக்காமல். வீட்டுக்குப் போனதும் கிராங்க்கைக் கழற்றி, ஓட்டையின் நான்கு மூலையும் கூர்மையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, துடைத்து, சரியான அளவில் மறுபடி மாட்டுங்கள். மூலை மழுங்கியிருந்தால் கடைக்குப் போய் புது கிராங்க் கேளுங்கள். பழைய அச்சையும் கையோடு எடுத்துப் போங்கள். சதுர அச்சில் ஜே.ஐ.எஸ், ஐ.எஸ்.ஓ என்று இரண்டு அளவு உண்டு. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும், ஒன்றுக்கொன்று சரியாக உட்காராது.